எழுநூற்று இருபது

காலை டாக்டர்கள் ஒரு மணிக்குக் கதவைச் சாத்துவார்கள்.
மாலை டாக்டர்கள் ஐந்துக்கு முன் வரமாட்டார்கள்.
நடுவில் நாலு மணி நேரம்
நானும், தோல் களிம்பு சாம்பிள் நிறைந்த பையும்,
சென்னை வெயிலும்.

படமெடுப்பவர்கள் எல்லாரும்
கேமராவை மூடி வைக்கும் நேரம் அது.
நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும்.
வானம் துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன்.
"இந்த வெளிச்சத்துக்கு ஏத்தது ஒண்ணு இருக்கு மேடம்"
என்றான் ரிச்சி தெரு இம்தியாஸ்.
வட்டமாய் ஒரு கறுப்புக் கண்ணாடி.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுநூற்று இருபது.
கண்ணில் வைத்துப் பார்த்தேன்.
தெருவைக் காணோம், இம்தியாஸைக் காணோம்.
எதுவும் தெரியாமல் இருப்பதற்கு
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து கேமராவுக்குக் கண் சோதனை.
டிவி ரிமோட்டை அதன் முகத்துக்கு நேரே பிடித்து
வால்யூமை அமுக்கினேன்.
எனக்கு ஒன்றுமில்லை.
கேமராவின் திரையில், ரிமோட்டின் மூக்கு நுனியில்
ஊதாவாய் ஒரு மின்மினி.
சிவப்புக்கு அப்பால் வருவதைத் திருப்பி அனுப்ப
உள்ளே ஒரு காவல் வைத்திருக்கிறார்களாம்.
எந்தக் காவலிலும் கொஞ்சம் கசியும்.
அந்தக் கசிவு போதும்.

பள்ளிக்கரணை, வேலிக்கு இந்தப் பக்கம்.
ட்ரைபாட் காலை மண்ணில் அழுத்தி ஊன்றி
கோரை, தண்ணீர், ஓரத்தில் ஒற்றைச் சீமைக்கருவேலம்
எல்லாவற்றையும் முதலிலேயே பார்த்து முடித்துவிட வேண்டும்.
ஃபோகஸைப் பூட்டிய பிறகுதான் கண்ணாடி.
மாட்டிவிட்டால் நான் குருடு.

முதல் படம் பீட்ரூட் கொட்டிய வேட்டி.
புல்லைக் காட்டி "இதுதான் வெள்ளை" என்று
கேமராவிடம் பொய் சொல்ல மறந்திருந்தேன்.
இரண்டாவதில் நட்டநடுவே வெளிறிய பொட்டு;
லென்ஸின் குணம் அது, துளையை அகலத் திறந்தால் மங்கும்.
மூன்றாவது, இருபத்தைந்து விநாடி.
மூச்சைப் பிடிக்கத் தேவையில்லை, பிடித்தேன்.

தண்ணீர் தார். வானம் மழைக்கு முந்தைய இருட்டு,
உச்சி வெயிலில்.
கோரையும் கருவேலமும்
இரவெல்லாம் பொங்கிய இட்லி மாவு.

"குறுக்கால போனேனே, நான் எங்க?"
கேட் காவல் ஏகாம்பரம், குடையோடு.
நடந்தால் விழாது அண்ணா, நின்றால்தான் விழும் என்றேன்.
நின்றார்,
ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் கையைத் தொடையில் ஒட்டி.
ஒரு கொசு அவர் காதைச் சுற்றியது, அசையவில்லை.

படத்தில் கறுப்புக் குடை வெளிறிப்போய்விட்டது.
ஏகாம்பரத்தின் முகம்,
நாற்பது வருட வெயில் குடித்த முகம்,
பால்.

நெடுநேரம் திரையைப் பார்த்தார்.
"என் பொண்ணை இப்பிடி ஒண்ணு எடுத்துத் தருவீங்களா மேடம்?
தரகர் போட்டோ கேட்டுக்கினே இருக்கார்."

பை தோளில் கனத்தது.
ஆறு வாரத்தில் என்று நான் தினம் ஒப்பிப்பதை
இது இருபத்தைந்து விநாடியில் செய்துவிட்டது.
கண் இரண்டும் குழியா வரும் அண்ணா, பேய் மாதிரி,
என்றேன். அது உண்மைதான்.
சொல்ல வேண்டியது அது இல்லை.
"ஓ" என்றார்.
பெயர் கேட்டேன், பெண்ணின் பெயர். மேகலை.
பிஎஸ்சி கணக்கு, இரண்டாம் வருடம்.

நாலே முக்கால், வேளச்சேரி, கிளினிக் பெஞ்ச்.
படத்தைப் பெரிதாக்கினேன்.
ஏகாம்பரத்துக்குப் பின்னால் சாலைக்கு அந்தப் பக்கம்
கம்பெனி வாசலில் ஆளுயரப் பசுஞ்சுவர்.
ஆறு மாதமாக அதைத் தாண்டித்தான் போகிறேன்.
பக்கத்து எருக்கஞ்செடிகூட வெள்ளையாய் எரிய
அந்தச் சுவர் மட்டும் சாம்பலாய் நிற்கிறது.
அட, பிளாஸ்டிக்.

"களிம்பு ரெப் யாரு? உள்ள வாங்க."
பையின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.
இழுத்துக்கொண்டிருந்தேன்.