தந்திக்காரி

புவெர்ட்டோ மோண்ட் தலைமையகத்திலிருந்து
படிவம் வந்திருக்கிறது.
மூன்று செயலிகள். ஒன்றைத் தேர்ந்து
வெள்ளிக்குள் சொல்.

கெய்யோனில் மழை.
அலுவலக அடுப்பில் ஈர விறகு
தும்மிக்கொண்டிருக்கிறது.

இப்போதைய குழுவில் என்ன குறை?
முதல் கேள்வி.
எழுதுகிறேன்:
டீசல் தீர்ந்த சேதி
இரண்டு பிறந்தநாள் கேக்குகளுக்கும்
ஒரு நாய்க்குட்டிக்கும் அடியில் கிடந்தது.
ஆர்டியின் குரல்பதிவு ஐந்து நிமிடம்,
அதில் நாலரை நிமிடம் இஞ்சின் பேசுகிறது.
யோர்மான் போடும் கட்டைவிரல்
சரி என்கிறதா, பார்த்தேன் என்கிறதா,
போய்த் தொலை என்கிறதா
எவருக்கும் விளங்கவில்லை.
நீலக்குறி விழுந்தும் பதிலில்லையென்று
சிப்பி தரம்பிரிக்கும் மேசையில் இருவர்
ஈஸ்டரிலிருந்து முகம் பார்ப்பதில்லை.

புதன்கிழமை கூடினோம். மாத்தே சுற்றி வந்தது.

முதல் செயலியில் பேச்சுக்கொரு அறை.
சம்பளத்துக்கு ஒன்று, மிதவைகளுக்கு ஒன்று,
சும்மா பேச ஒன்று.
"படகுக்கே ஒரு அறைதான்" என்றான் ஆர்டி,
"அதிலும் பாதி கயிறு."

இரண்டாவதுக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதவாடகை.
நிபால்டோ லெவிகோய், முக்குளிப்பவர்,
முடி காயாமல் உட்கார்ந்திருந்தார்:
"தண்ணீருக்குள் இருக்கும் தலைக்குமா?"

மூன்றாவது
சிக்னல் இல்லாதபோது சேதியை மடியில் வைத்திருந்து
கரை தென்பட்டதும் கொண்டுபோய்ச் சேர்க்குமாம்.
எனக்குப் பிடித்திருந்தது.
நல்ல தபால்காரரின் குணம்.

ஒர்ஃபெலினா மில்லாலோன்கோ தாமதமாக வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் கடலோடு.
முக்குளிப்பவரின் கயிற்றையும் காற்றுக்குழாயையும்
மேலிருந்து பிடித்துக்கொள்கிறவள்.
எங்கள் பேச்சில் அந்த வேலைக்குத்
தந்திக்காரி என்று பெயர்.
மூன்றையும் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்:
"மறுமுனையில் ஆள் இல்லையென்றால்
இது எனக்குச் சொல்லுமா?"

பச்சைப் புள்ளி இருக்கிறது என்றேன்.
"என் மகனும் நேற்றிரவெல்லாம் பச்சையாக இருந்தான்.
தூங்கிப்போயிருந்தான்."

மறுநாள் அவள் கையெழுத்துக்காகப் படகேறினேன்.
அமுக்கி அதிர்ந்து காற்றை இறக்கிக்கொண்டிருந்தது.
பதினெட்டு மீட்டர் கீழே நிபால்டோ.
அவள் கடலைப் பார்க்கவில்லை,
குமிழிகளையும் பார்க்கவில்லை.
கயிறு
இரண்டு விரல்களுக்கு நடுவே,
கொதிக்கும் பாலுக்குக் காது கொடுப்பவள்போல்
எங்கோ பார்த்த முகம்.

அவள் பையில் கைபேசி துடித்தது.
துடித்து அடங்கியது.
மறுபடி துடித்தது.
நான்தான்.
மாதிரிச் சேதி அனுப்பிப் பார்த்தேன்,
வெட்கமாக இருந்தது.

பிறகு அவள் விரல் ஒருமுறை குனிந்தது.
பதிலுக்கு ஒருமுறை இழுத்தாள்.
"என்ன சொல்கிறார்?"
"இருக்கிறேன் என்கிறார்."
"நீ?"
"நானும்."

ஐந்து நிமிடத்துக்கொருமுறை
இதையேதான் பேசிக்கொள்கிறார்கள்,
பதினோரு வருடமாக.
இடையில் ஒரு மாரிக்காலம் முழுக்கக்
கரையில் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.
கொடுத்த கடன் ஏதோ.
கயிற்றில் மட்டும் ஒரு நாளும் விட்டுப்போகவில்லையாம்.

மூன்றாவதையே குறித்தேன்.
காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை
படகில் எவருக்கும் சேதி அனுப்பக் கூடாது,
நான் உட்பட,
என்று ஒரு விதியும் சேர்த்தேன்.
கடைசிக் கேள்வி:
குழு பயன்படுத்தும் வேறு தொடர்புக் கருவிகள்?
கயிறு, என்று எழுதினேன்.

திங்களன்று பதில் வந்தது:
தயாரிப்பாளர் பெயரும்
கடைசியாகப் புதுப்பித்த தேதியும் தேவை.

ஒர்ஃபெலினாவிடம் கேட்டேன்.
வலை தைத்துக்கொண்டே யோசித்தாள்.
முதலாவது தெரியாது.
மார்ச்சில் மாற்றினோம் என்றாள்,
ஒரு புரி விட்டிருந்தது.

மார்ச், என்று நிரப்பினேன்.