மூன்றாவது தட்டு

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருஷமாக
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லுகளைப் பார்க்கிறேன்.
ஒன்றுக்கு நாலு விநாடி.
நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம்.
கை தயங்கினால் வரிசை நின்றுவிடும்.

வீட்டு முன்னால் நிற்கும் ஜம்பு மரம்
எட்டு மாதமாக என் கையைத் தயங்க வைக்கிறது.

உச்சியில்தான் முதலில் தெரிந்தது:
மழை பெய்தும் துளிர்க்காத நாலு கிளை.
அதில் உட்கார வந்த மைனா
சற்று யோசித்துவிட்டு
ஓங் வீட்டு ஆண்டெனாவுக்குப் போனது.
பிறகு இலைகள் சிறுத்தன.
போன பூப்பில் வெள்ளை நூல்கள் வாசலில் உதிரவில்லை;
பெருக்க வேண்டாமே என்று
சந்தோஷப்பட்டதும் நான்தான்.

அஸ்மான் வந்தார், மரம் பார்க்கிறவர்.
ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டினார்.
பின்பக்கம் திடம். ஓங் வீட்டுப் பக்கம் திடம்.
வாசல் பக்கம் மட்டும்
காலி மைலோ டின் சத்தம்.
கிளையை நகத்தால் கீறச் சொன்னார்.
பழுப்பு.
பழுப்பு.
இன்னும் கீழே, பச்சை,
ஈரமாக.
அன்றிரவு ஷிஃப்டில்
கையுறைக்குள்ளும் என் நகத்தில் அது இருந்தது.

பிறகு குனிந்து,
மரத்தின் கழுத்துவரை வந்து நிற்கும் சிமெண்டைக் காட்டினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டாவது காருக்காக நாங்கள் போட்டது.
வேர் எங்கே மூச்சு விடும் என்று
அன்றைக்கு யாரும் கேட்கவில்லை,
டைல்ஸ் நிறத்துக்குத்தான் மூன்று நாள் சண்டை.

"வெட்ட எண்ணூறு ரிங்கிட், ஒரே நாள் வேலை.
சிமெண்டை உடைத்தால் கூட ஆகும்.
உடைத்தாலும் பிழைக்குமென்று சொல்ல மாட்டேன்.
தெங்கோக் டூலு, காக்.
இரண்டு மழை பார்க்கலாம்."

கோகிலவாணன் கணக்குப் போட்டார்.
காற்றில் ஒடிந்து ஓங் வீட்டுக் கூரையில் விழுந்தால்?
நியாயமான கேள்விதான்.
ஓங் நம்மைவிட நல்லவர் என்பதால்
இன்னும் நியாயம்.

தொழிற்சாலையில் மூன்றாவதாக ஒரு தட்டு உண்டு, மஞ்சள்.
நல்லதென்று எழுதவும் முடியாமல்
கெட்டதென்று எறியவும் மனமில்லாத சில்லுகள்
மறுசோதனைக்கு அதில் கிடக்கும்.
சூப்பர்வைசருக்கு அந்தத் தட்டு பிடிக்காது.

சனிக்கிழமை சிமெண்டை உடைத்தோம்.
ஓங் வீட்டுப் பக்கம் சாய்ந்ததையும் சேர்த்து
செத்த கிளைகளை அஸ்மான் கயிற்றில் இறக்கினார்.
அடியில் மண், பிஸ்கட் போல உலர்ந்து.
கறுத்துப்போன ஒரு வேர்.
அதன் பக்கத்தில் விரல் தடிமனில் வெளுத்த ஒன்று,
சாக்கடைப் பக்கம் வளைந்து
எதையோ தேடியபடி.

இப்போது கார் தெருவில் தூங்குகிறது.
போன வாரம் மாநகர் மன்றத்து ஆள்
வைப்பரில் சம்மன் சொருகிவிட்டுப் போனார்.
கட்டிவிட்டு வந்து
குழாயை ஓரமாகக் கிடத்தித்
தண்ணீர் விட்டேன், சொட்டுச் சொட்டாக.

முதல் மழை வந்து போய்விட்டது. துளிர் இல்லை.
தினமும் கீறிப் பார்க்காதீர்கள் காக்,
அதுவும் காயம்தான் என்றிருக்கிறார் அஸ்மான்.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
நிற்கிறேன்.