ஏழாம் எண் ஆடு

எட்டு நிமிடம்.
ஊசியில் பற்பசைபோல் வந்தது
எலும்புக் குழிக்குள் கல்லாக.
ஏசி நின்ற மண்டபத்து மதியத்தில்
ஆறே.

பன்னிரண்டாம் வாரப் படத்திலும்
வைத்த வெள்ளை வைத்தபடி.
கரைய வேண்டும் அது;
கரைந்த இடத்தில் ஆடு
தன் எலும்பைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும்.

வின்ச் நொறுக்கிய காலோடு
வேதாளையிலிருந்து வந்த செய்யது அபுதாகிர்
"மனுசனுக்கு எப்ப டாக்டர்?" என்றார்.
முதலில் ஆடு நடக்கட்டும் என்றேன்.

மறுநாள் முதல்
ஊன்றுகோலில் ஒரு பை,
பை நிறையச் சீமைக்கருவேல நெற்று.
ஏழாம் எண்ணுக்கு மட்டும்.

சோதனை கெடும், கொடுக்காதீர்கள் என்று
வாயெடுக்கையில்
பைக்கு எம்பிய ஆடு
பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நின்றது,
நான் துளையிட்ட காலையும் சேர்த்து.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஏழு — தீவனம் மாறியது.
கணக்கில் சேர்க்க வேண்டாம்.