நடுக் கடிகாரம்

குளத்துக்கு குளோரின் கலக்குகிறவன் நான்.
மினசோட்டாவின் வடக்கே ஒரு சின்னக் கல்லூரி,
அதன் அடித்தளத்தில் முப்பத்திரண்டு வருஷம்.
அவளுடைய வேலை என் தலைக்கு நேர் மேலே.
காலடிச் சத்தத்தை வைத்தே
இன்று யாருக்குத் திட்டு என்று சொல்லிவிடுவேன்.

டாக்னி டோலஃப்சன்.
எழுபத்தெட்டில், சிறு கல்லூரிகளின் தேசியப் போட்டியில்,
இருநூறு கெஜம் பட்டாம்பூச்சி நீச்சலில் முதலாவது.
அதே வருஷம் இந்தக் குளத்தில் அவள் நீந்திய நேரம்
சுவரில், சாதனைப் பலகையில்:
இரண்டு நிமிடம், ஆறு வினாடி, முப்பத்தொன்று.
சுற்றிலும் பெயர்கள் மாறின.
அவள் பெயரில் தூசி மட்டும் மாறியது.
அதைத் துடைத்ததும் நான்தான்.

பட்டாம்பூச்சி என்று பெயர் வைத்தவன்
ஒருநாளும் அதை நீந்தியிருக்க மாட்டான்.
தோளைத் தின்னும் நீச்சல் அது.
அவள் வலது கை காதுக்கு மேலே எழும்பி
பல காலமாயிற்று.
ஆனாலும் வேனை அவளேதான் ஓட்டுவாள்,
பதினோரு மணி நேரம், உறைபனியில்,
பின்னால் பதினான்கு பெண்கள்
ஈரத்தலையோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்க.
மூன்று முறை அணியை மூடப் பார்த்தது நிர்வாகம்.
மூன்று முறையும் அந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு
மாடியேறினாள்.
என்ன பேசினாள், தெரியாது.
இறங்கி வந்து என்னிடம் சொன்னது:
"தண்ணீர் ஒரு டிகிரி சூடு அதிகம்."

பிறகு அந்தப் பிப்ரவரி.
பனிப்புயலில் நேரம் குறிக்க வேண்டிய ஆட்கள்
பாதி வழியில் மாட்டிக்கொண்டார்கள்.
நான்காம் பாதையில், முடிவுச் சுவரின் தொடுபலகை
உயிரை விட்டிருந்தது.
கையில் ஆளுக்கொரு கடிகாரம்:
நான், வேதியியல் படிக்கும் ஒரு பையன், டாக்னி.
மூன்றில் நடுவில் வரும் நேரம்தான் கணக்கு.
விதி அப்படி.

நான்காம் பாதையில் அயோவாவிலிருந்து வந்த பெண்,
ஜோசி மொலெட்.
கடைசி நீளத்தில் அவளுக்கு மூச்சே தேவைப்படவில்லை.
சுவரைத் தொட்டாள். மூன்று கட்டைவிரல்கள் அழுந்தின.

என்னுடையது நாற்பத்தொன்று.
பையனுடையது இருபத்திரண்டு.
நடுவர் டாக்னியின் பக்கம் திரும்பினார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்,
வழக்கத்தைவிட ஒரு மூச்சு அதிகமாக.
"முப்பது" என்றாள்.
அடுத்த கணம் கட்டைவிரல் அதை அழித்திருந்தது.

காட்டு என்று யாரும் கேட்கவில்லை.
முப்பத்தைந்தாக இருந்திருக்கலாம்.
இருபத்தொன்பதாகவும் இருந்திருக்கலாம்.
முப்பதாகவே இருந்திருந்தால்
நான் ஏன் இதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்?

இரவு, எல்லோரும் போன பிறகு, ஏணி.
அவள் கை எட்டாது, நான் ஏறினேன்.
கீழே தகரப்பெட்டியில் பிளாஸ்டிக் எழுத்துகளைத் துழாவினாள்.
எம் ஒன்றுதான் கிடைத்தது.
"மீதியை என் பெயரிலிருந்தே எடு" என்றாள்.

எடுத்தேன்.
ஓ. இரண்டு எல். ஈ. டி.
மொலெட் முழுசாக வந்துவிட்டாள்.
எண்ணில் ஒன்றே ஒன்றுதான் மாற வேண்டும்,
ஆனால் பெட்டியில் பூஜ்யம் தீர்ந்திருந்தது.
அவளுடைய இரண்டாவது ஓவை
அந்த இடத்தில் வைத்தேன்.
கொஞ்சம் குண்டு. தூரத்திலிருந்து தெரியாது.

மிஞ்சியவை எஃப், எஸ், என்.
பெட்டியில் போடக் கையை நீட்டினேன்.
வாங்கிக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடியுமுன் நாலே முக்காலுக்கு,
வெளியே மைனஸ் இருபத்தாறு,
மேலே அவள் காலடி.
அன்றைக்கு யாருக்குத் திட்டு என்று
எனக்குப் பிடிபடவில்லை.
சாவிக்கொத்தோடு சேர்ந்து என்னவோ
கலகலத்துக்கொண்டே இருந்தது.