ஐந்து வருடம் செல்லும்

சத்துவாச்சாரி ஆபீசுக்குப்
போக வர ஆட்டோ நானூறு.
நைனாவைத் தூக்கி இறக்கும் எனக்கு எழுபத்தொன்று.
என் முட்டியைப் பற்றி
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

"பெயர்?"
முனிரத்தினம்.
"வயசு?"
தொண்ணூற்றி நாலு. ஆதாரில் எண்பத்தொன்பது.
"பார்த்துக்கறது யாரு?"
நான்தான்.
ராத்திரி ரெண்டு மணிக்கும் நான்தான்.

கட்டைவிரல் மெஷினில் விழவில்லை.
தோல்ஷாப் சுண்ணாம்புத் தொட்டியில்
முப்பத்தாறு வருஷம் ஊறின கை.
என் வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்தினேன்,
சிவப்பு விளக்குதான்.
அப்புறம் புரை விழுந்த கண்ணைக் காட்டச் சொன்னார்கள்.

எண்பது சதம் என்றெழுதி
டாக்டர் முத்திரை குத்தினார்:
"அஞ்சு வருஷம் செல்லும்.
திரும்ப நேர்ல கூட்டிவந்து புதுப்பிக்கணும்."

காது கேட்காது என்றுதான் நினைத்திருந்தேன்.
பாலாற்றுப் பாலத்தில்
ஆட்டோ குலுங்கும்போது கேட்டார்:
"அப்போ
ஒன்ன யார்டா
தூக்கினு வருவாங்க?"