வாடவே இல்லை

ஏற்காட்டு நர்சரிப் பையன் அப்போதே கேட்டான்,
"காரைக்குடிக்கா கொண்டுபோறீங்க? ஜூனிப்பரையா?"
நூற்றெண்பது ரூபாய்.
திருச்சியில் பஸ் மாறும்போதுகூட
மடியைவிட்டு இறக்கவில்லை.

செம்மண் ஒரு பங்கு, சரளை இரண்டு பங்கு.
பள்ளத்தூரில் இடித்த வீட்டிலிருந்து அள்ளிவந்த
ஓட்டுச் சில்லு தொட்டியின் அடியில்.
காலை வெயில். பத்தரைக்கு மேல்
கிணற்றுச் சுவரின் நிழல்.
விரலை விட்டுப் பார்த்து
இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.

வெள்ளைத்தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினேன் ஒருநாள்.
மிளகாய்த்தூள் ஊர்ந்தது.
செஞ்சிலந்தி.
மூன்று வாரம் வேப்பெண்ணெய் நாற்றத்தோடு
சாப்பிட்டேன், தூங்கினேன்.

கத்தரிக்கோலைப் பச்சையோடு நிறுத்த வேண்டும்.
மொட்டைக் கட்டையில் வெட்டினால்
அந்த இடம் மறுபடி துளிர்க்காது.
இதை ஒரு கிளை கொடுத்துக் கற்றேன்.

சித்திரையில் பதினோரு நாள் மதுரை ஆஸ்பத்திரி.
சாவியும் செடியும் கோட்டைச்சாமி பொறுப்பு.

"வெயிலா அது! நெருப்பு.
ரெண்டு வேளையும் குடத்தோட ஊத்துனேன்.
பாருங்க, வாடவே இல்லை."

வாடவே இல்லைதான்.
வேர் செத்த பிறகும் ஒரு மாதம்
பச்சையாகவே நிற்கும் ஜாதி இது.

அவர் குடத்தை அலசப் போன நேரத்தில்
நகத்தால் பட்டையைக் கீறினேன்.
உள்ளே காப்பிப்பொடி நிறம்.
தொட்டியில் புளித்த மாவு வாடை.

"நீங்களும் தெளிவாத்தான் இருக்கீக" என்றார்
ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி.
"நாளைக்கும் ஊத்தவா?"

தையல் போட்ட இடம் இழுத்தது.
மெதுவாக நிமிர்ந்து,
"ஒரு வேளை போதும்" என்றேன்.