செத்தவருக்கு ஆறணா

குருக்ஷேத்திரத்தை
சிங்காநல்லூர்ப் பக்கம் வற்றிய குளத்தில் போட்டிருந்தார்கள்.
காமிராவைக் கிழக்கே திருப்பினால் மில் புகைபோக்கி,
மேற்கே திருப்பினால் மலை,
நடுவில் யாரோ எருமை ஓட்டிக்கொண்டு.

நான் கூலிக் கணக்கு எழுதுகிறவன்.
வில் பிடித்தால் நாலணா.
செத்தால் ஆறணா:
உச்சி வெயிலில் அசையாமல் கிடக்க வேண்டுமே.
ராத்திரி ஷிப்டு முடித்து வருகிறவர்கள்
முதல் அம்புக்கே விழுந்து தூங்கிவிடுவார்கள்.
குறட்டை மைக்கில் ஏறும்.

அந்த ஆவணியில்
ஒப்பணக்காரத் தெரு ரேடியோக் கடை முன்னால் கூட்டம்.
ஜெர்மனி பிலிம் இனி வராதென்று
முதலாளிக்குத் தந்தி.
பதினெட்டு நாள் யுத்தத்தை ஐந்து நாளில் முடிக்கச் சொன்னார்.
பீஷ்மருக்கு அம்புப் படுக்கை உண்டு, பேச்சு இல்லை.
அபிமன்யுவை வசனத்திலேயே கொன்றாயிற்று.

பொங்கியண்ணனுக்குத் தூதன் வேஷம்.
பள்ளிக்கூட வாசலில் இந்தி வேண்டாமென்று நின்று
ஆறு மாதம் உள்ளே இருந்தவன்.
மழித்த தலை, கிரீடம் நன்றாக உட்கார்ந்தது.
ஒரே வரி:
'மகாராஜா, யுத்தம் ஆரம்பமாகிவிட்டது.'
அவன் சொன்னான்:
'அரசே, போர் தொடங்கிவிட்டது.'

டைரக்டர் கல்கத்தாக்காரர். 'குட்' என்றார்.
கதர்த் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்
வசனம் எழுதிய வாத்தியார்.
திரும்ப எடுங்கள், திரும்ப எடுங்கள்.
எத்தனை அடி போச்சுங், என்றார் முதலாளி.
இருபது.
'உட்ருங் வாத்தியாரே, தமிழ்தானுங்களே.'

நோட்டில் நான் எழுதியது
'சண்டை, ஒரு நாள்'.

ஐப்பசியில் மந்திரிகள் பதவியை விட்டார்கள்.
பொங்கியண்ணன் பட்டாசுக்கு முன்பணம் கேட்டான்.
வாத்தியார் அன்று சாப்பிடவில்லை.
ஒரே வேப்பமரத்தடி, இரண்டு பேரும்
ஆளுக்கொரு பக்கம்.

போத்தனூரில் பட்டாளத்துக்குப் பேர் எடுத்தார்கள்.
ஒண்டியப்பன் வந்து நின்றான்,
பாண்டவர் பக்கம் இரண்டு முறையும்
கௌரவர் பக்கம் ஐந்து முறையும் செத்தவன்.
'ஏனுங் கணக்கரே, அங்கியும்
செத்தாச் சேத்துத் தருவாங்களாங்?'
பாக்கி ஒன்பதணாவை எண்ணிக் கொடுத்தேன்.

தை கழிந்து படம் வந்தது.
டூரிங் கொட்டகையில் மணல் தரை,
பெண்கள் பக்கம் அவன் பெண்டாட்டி துளசாத்தாள்.
தூதன் சொன்னதும் விசில் பறந்தது,
இன்னொரு மூலையில் 'உஸ்' என்றார்கள்.
அவள் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிணங்களுக்கு நடுவே ஒரு பிணம்
ஈக்கடி பொறுக்காமல் காலைச் சொறிந்தது.
கொட்டகை சிரித்தது.

'அவுருதானுங்,' என்றாள் பக்கத்தவளிடம்,
'அந்தச் சொறியறவரு.'